கரும்பில் ஓடிய கார்கள்

சாராயத்தை ஊற்றிக் கார் ஓட்டின ஒரு நாட்டின் கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். சிரிக்காதீங்க! குடிக்கிற சரக்கு இல்லை. கரும்புச் சாற்றைப் புளிக்க வைத்து வடித்த எரிசாராயம். எத்தனால் என்கிறார்களே, அதுதான்.

நாடு பிரேசில். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடித்ததும் சில மாதங்களில் விலை நாலு மடங்காகிவிட்டது. பிரேசிலோ தனக்கு வேண்டிய எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கை வெளியிலே வாங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, 1974 கடைசியில் உச்சிக்குப் போன சர்க்கரை விலை மறு வருஷமே சரிந்தது. கரும்பு இருக்கு, சர்க்கரைக்கு விலையில்லை. கார் இருக்கு, பெட்ரோலுக்குக் காசில்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, 1975 நவம்பரில் கெய்சல் அரசாங்கம் ‘புரோ ஆல்கூல்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் பெட்ரோலில் கலந்தார்கள். 1979-ல் முழுக்க எரிசாராயத்திலேயே ஓடுகிற கார் வந்தது. குளிரில் கிளப்புவதற்கு மட்டும் சின்ன டப்பாவில் கொஞ்சம் பெட்ரோல். 1980-களின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அந்த ரகம்தான்.

ஒரு லிட்டர் வடித்தால் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கழிவுநீர் மிஞ்சும். அதை ஆற்றிலே விட்டார்கள். மீன் செத்து மிதந்தது. பிறகு, அதில் சாம்பல் சத்து நிறைய உண்டென்று கரும்புக் கொல்லைக்கே பாய்ச்சினார்கள். மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்பியது. அளவு மீறினால் மண் உப்பேறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திட்டத்தின் முதுகை ஒடித்தது 1989. அதற்கு மூன்று வருஷம் முன்பே உலகத்தில் எண்ணெய் விலை விழுந்துவிட்டது. எரிசாராயத்துக்கு அரசாங்கம் கட்டிய விலை ஆலைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. சர்க்கரைக்கோ நல்ல விலை. ஆலைக்காரர் என்ன செய்வார்? நீங்களும் நானும் செய்வதைத்தான் செய்தார்: சாற்றைச் சர்க்கரைப் பக்கம் திருப்பினார். பெட்ரோல் பங்குகளில் எரிசாராயம் இல்லை. வண்டிகள் வரிசையில் நின்றன. அந்தக் காருக்குப் பெட்ரோல் ஊற்றியும் ஓட்ட முடியாது! நம்பி வாங்கினவர்களுக்கு விட்டுப்போயிற்று. 1990-களின் பின்பாதியில் அந்த ரகம் நூற்றுக்கு ஒன்றுகூட விற்கவில்லை.

2003-ல்தான் மறுபடி உயிர் வந்தது. எதை ஊற்றினாலும், எப்படிக் கலந்தாலும் ஓடுகிற கார் வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் பத்து மைல் போனால் எரிசாராயத்தில் ஏழு மைல்தான் போகும். ஆகவே அதன் விலை பெட்ரோல் விலையில் பத்துக்கு ஏழுக்குக் கீழே இருக்கிறதா என்று பங்கிலே நின்றே கணக்குப் போட்டார்கள். ஆலை ஏமாற்றினாலும் வண்டி நிற்காது.

அதே 2003-ல் நம் நாட்டில், தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதம் கலக்க ஆரம்பித்தார்கள். வெகுகாலம் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகில் வடித்ததுதான். 2018-க்குப் பிறகு சாற்றிலேயே வடிக்க அனுமதி வந்தது. மக்காச்சோளமும் அரிசியும் சேர்ந்தன. 2025-ல் கலப்பு 20 சதத்தைத் தொட்டது. நடுவே, 2023-ல் மழை குறைந்து சர்க்கரை போதாது என்ற பயம் வந்ததும், அந்த டிசம்பரில் மத்திய அரசு கரும்புச் சாற்றில் எத்தனால் எடுப்பதற்குக் கடிவாளம் போட்டது. அடுத்த பருவத்துக்கு அதை அவிழ்த்தது 2024 ஆகஸ்டில்.