துளையிடாத சுவர்: காவிரி டெல்டாவின் எஃகுக் குழாய்களும் மீயொலி வழி மின்னாற்றலும்

ஆய்வுச் சிக்கல்

2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில், ஓஎன்ஜிசியின் நிலத்தடிக் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்தது. 2020இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவருபவற்றைத் தொடவில்லை. ஆகவே வயலுக்கடியில் உள்ள குழாய்கள் ஆண்டுதோறும் மூப்படைகின்றன. மூடிய எஃகுச் சுவருக்குள் நடப்பதை அச்சுவரைத் துளைக்காமல் அறிய முடியுமா? மீயொலி (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி) வழியே மின்னாற்றல் செலுத்தும் நுட்பம் டெல்டாவில் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எத்தனை வாட் கடத்த முடியும் என்பதைக் காட்டிலும், ஒரு துளைக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதே இதில் அளவுகோலாக வேண்டும் என்பது என் வாதம்.

இயங்கும் முறை

எஃகு மின்காந்த அலையை உள்ளே விடாது. ஒரு மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மென் எஃகின் மேற்பரப்பிலிருந்து மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு ஆழத்திற்குள்ளேயே அலை வலுவிழக்கிறது. ஒலியோ எஃகில் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் செல்லும். பம்புசெட் குழாயின் ஒரு முனையைத் தட்டினால் மறுமுனையில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கிறதல்லவா?

சுவரின் வெளிப்புறம் ஒட்டிய அழுத்தமின் பீங்கான் வில்லை மின்சாரத்தை அதிர்வாக்குகிறது. உட்புறம் ஒட்டிய வில்லை அதிர்வை மீண்டும் மின்சாரமாக்குகிறது. பீங்கானின் ஒலி மறிப்பு சுமார் 33 மெகாரேல், எஃகினது 46. இரண்டும் நெருங்கியிருப்பதால் எல்லையைத் தொடும் ஆற்றலில் ஏறத்தாழ 97 விழுக்காடு கடந்துவிடும். எஃகிலிருந்து காற்றுக்கோ பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் போகாது. எனவே ஒட்டில் காற்றிடைவெளி விழுந்தால் அமைப்பே செயலிழக்கும்.

அமெரிக்காவின் ரென்சிலர் பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் டிரிஸ்டன் லாரி குழுவினர் 63.5 மி.மீ. தடித்த எஃகின் வழியே 50 வாட் ஆற்றலை 51 விழுக்காட்டுத் திறனுடன் செலுத்தினர். அதே சுவர் வழியே நொடிக்கு 17.37 மெகாபிட் தரவையும் பெற்றனர். இதை 2013இல் வெளியிட்டனர். சுவருக்குள் வைக்கும் உணரி ஒன்றுக்குச் சில மில்லிவாட் போதும் என்பதால் ஆற்றல் போதாமை இங்கே தடையன்று.

மூன்று சுவர்கள்

டெல்டாவில் இந்நுட்பத்துக்கு இடம் தேடக்கூடிய எஃகுச் சுவர்கள் மூன்று. முதலாவது, தானிய சைலோ. கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. குறுவை அறுவடையோடு வடகிழக்குப் பருவமழை மோதும் ஊரில், சேமித்த தானியத்தின் ஈரத்தையும் வெப்பத்தையும் கண்காணிப்பது இன்றியமையாதது. ஆனால் சைலோவுக்குள் இருப்பது சாதாரணக் காற்றழுத்தமே. கூரை வழியே வெப்ப உணரிக் கம்பிகளைத் தொங்கவிடலாம். துளையை ஒரு ரப்பர் வளையம் அடைத்துவிடும். இங்கே மீயொலி வீண்செலவு.

இரண்டாவது, புழுங்கல் அரிசி ஆலைகளில் உமி எரித்து இயங்கும் கொதிகலன். இங்கே துளைக்கு விலை அதிகம். ஆயினும் 10 பார் அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 180 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். பொதுவாகப் புழங்கும் அழுத்தமின் பீங்கான்கள் பல அந்த வெப்பத்தில் தம் பண்பை இழக்கும் எல்லையை நெருங்கிவிடும், பசையும் இளகும்.

மூன்றாவது, எண்ணெய்க் குழாய். எண்ணெயோடு வரும் நீர் குழாயின் அடியில் தங்கி, கரைந்த கார்பன்-டை-ஆக்சைடின் துணையோடு எஃகை அரிக்கிறது. வெளியிலிருந்து மீயொலியால் சுவரின் தடிமனை அளப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் அது தேய்ந்த பிறகுதான் சொல்லும். தேய்வுக்குக் காரணமான நீரை முன்கூட்டியே அறிய உணரி உள்ளே இருக்க வேண்டும். அதற்காகக் குழாயைத் துளைத்து, அழுத்தம் தாங்கும் பொருத்து வழியே ஆய்கோலைச் செருகுகிறார்கள். கசிவைத் தடுக்க வைக்கும் அப்பொருத்தே கசியக்கூடிய இன்னோர் இடமாகிவிடுகிறது. மீயொலியின் உண்மையான இடம் இதுதான்.

எதிர்வாதங்கள்

புதைந்து கிடக்கும் குழாய்க்குள் வில்லையை ஒட்டுவது எப்படி என்பது நியாயமான கேள்வி. முடியாது. பழுதடைந்த பகுதியை வெட்டிப் புதுத்துண்டு வைக்கும்போது மட்டுமே அதைப் பொருத்த முடியும். குழாயைத் துப்புரவு செய்ய உள்ளே ஓடும் ‘பிக்’ கருவி, நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் பெயர்த்துவிடும். ஆகவே பக்கவாட்டுக் கிளை கொண்ட துண்டில், பிக் செல்லும் வழிக்கு ஒதுங்கியே வில்லை அமைய வேண்டும். வெளிப்புற வில்லைக்கு வால்வு நிலையத்தில் சிறு சூரியத் தகடு போதும்.

முடிவு

டெல்டாவில் இந்நுட்பத்துக்கு உரிய இடம் குறுகியது. ஆனால் அந்த இடம் நெல் விளையும் மண்ணுக்கு நேர் அடியில் இருக்கிறது. குழாய்த்துண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும், குழியை மூடுவதற்கு முன் கிடைக்கும் சில நாட்களே அதற்கான வாய்ப்பு. மாற்றுத்துண்டுக்கான தரக்குறிப்பிலேயே உள்ளுணரியைச் சேர்க்க வேண்டும். அது தரும் அளவீடு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிடாமல் அந்தந்த ஊரின் கிராம சபைக்கும் கிடைக்க வேண்டும். கசிந்தால் இழப்பு அவர்களுடையது; கசியும் முன் அறியும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.