துருத்தலும் தாவலும்

மெல்வில் டூயி 1876ல் பாஸ்டனில் தொடங்கிய ‘லைப்ரரி பீரோ’ நூலகங்களுக்கான அட்டைகளையும் இழுப்பறைகளையும் விற்றுவந்தது. ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒரே உயரத்தில் அடுக்கப்பட்டிருந்தால் வேண்டியதை எப்படி எடுப்பது? அங்கே பணிபுரிந்த ஜேம்ஸ் நியூட்டன் கன் 1897ல் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். அட்டையின் மேல் விளிம்பில் ஒரு சிறு நாக்கு துருத்திக்கொண்டிருக்கும். அதில் எழுத்தோ எண்ணோ இருக்கும். அவ்வளவுதான். அலுவலகக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் அந்த நாக்கு பரவியது. ஆங்கிலத்தில் அதன் பெயர்தான் ‘டேப்’.

கணினித் திரைக்கு இது வந்தபோது உருவத்தோடுதான் வந்தது. விண்டோஸ் 95ன் அமைப்புப் பெட்டிகளில் அந்த நாக்குகளைப் பலரும் முதன்முதலாகப் பார்த்திருப்போம். இணையத்தில் இதைப் பிரபலமாக்கியது அமேசான். 1998ல் புத்தகத்தோடு இசையும் விற்க ஆரம்பித்தபோது பக்கத்தின் தலையில் டேப்கள் தோன்றின. கடையில் சாமான் கூடக்கூட டேப்பும் கூடி, 2000 வாக்கில் இரண்டு வரிசையாகிவிட்டது. அதற்கு மேல் அடுக்க முடியாமல் பின்னால் அமேசானே அதைக் கைவிட்டது. அதற்குள் மற்ற தளங்கள் எல்லாம் நகல் எடுத்து முடித்திருந்தன.

அந்தக் காலத்து டேப் என்பது ஒரு படம். வளைந்த மூலையும் நிழலும் எழுத்தும் சேர்ந்து ஒரே ஜிஃப் கோப்பு. ஒரு சொல்லை மாற்றவேண்டுமென்றால் படத்தையே மறுபடி வரையவேண்டும். பயனர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரிதாகாது.

2003 அக்டோபரில் டக்ளஸ் போமன் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ என்ற உத்தியை எழுதினார். டேப்கள் சாதாரணப் பட்டியலாகவே இருக்கும், எழுத்து எழுத்தாகவே இருக்கும். பின்னணியில் இரண்டு படங்கள். இடது மூலைக்கு ஒரு மெல்லிய துண்டு, வலப்பக்கத்துக்கு ஒரு நீளமான துண்டு. சொல் நீண்டால் இரண்டும் நகரும் கதவுகள்போல விலகி இடம்கொடுக்கும். ‘ஹோம்’ என்ற இடத்தில் ‘எங்களைப் பற்றி’ என்று எழுதவேண்டிய நமக்கு இதன் அருமை உடனே புரியும். இன்று சிஎஸ்எஸ்ஸில் ‘பார்டர் ரேடியஸ்’ என்று ஒரு வரி எழுதினால் மூலை வளைந்துவிடுகிறது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது 2011ல் ஒன்பதாம் பதிப்போடுதான் வந்தது. அதுவரை உலகம் முழுக்க ஒரு தலைமுறை, மூலையை வளைப்பதற்கே மூளையைச் செலவழித்தது.

இத்தனையும் உருவத்துக்காக. வேலை செய்யும் பகுதி இதைவிட எளிது. மூன்று பகுதிகள் இருக்கின்றன. சொடுக்கியதைக் காட்டு, மற்ற இரண்டை மறை. ஜாவாஸ்கிரிப்டில் பத்து வரி. 2006ல் ஜேக்வெரி வந்தபிறகு அதுவும் இன்னும் சுருங்கியது.

எச்டிஎம்எல்லில் பத்திக்கு, பட்டியலுக்கு, பொத்தானுக்கு எல்லாம் தனித்தனிக் குறிகள் உண்டு. டேப்புக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. அதனால் கண்ணுக்கு டேப்பாகத் தெரிவது உலாவிக்கு வெறும் பெட்டிதான். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பார்வையற்ற சோதனையாளர் ஒருவர் திரைவாசிப்பான் மென்பொருளோடு ஒரு பயணச்சீட்டுப் பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒருவழி, இருவழி, பல ஊர் என மூன்று டேப்கள். “அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு மூணு வார்த்தைதான் கேக்குது. எது திறந்திருக்குன்னு இது சொல்லவே மாட்டேங்குதே” என்றார். எது திறந்திருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் எதற்குப் பணம் கட்டுவார்?

இதற்கான விடை, 2014 மார்ச்சில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையான ‘ஏரியா’ நெறியில் இருக்கிறது. இது டேப் வரிசை, இது டேப், இது அதன் பலகம், இப்போது தேர்வாகியிருப்பது இது என்று நிரலிலேயே சொல்லிவிடலாம். உடனே திரைவாசிப்பான் “டேப், தேர்ந்தெடுக்கப்பட்டது, மூன்றில் ஒன்று” என்கிற மாதிரி அறிவிக்கும். விசைப்பலகைக்கும் வழக்கம் உண்டு. டேப் விசை வரிசைக்குள் கொண்டுவரும், அம்பு விசை அடுத்த டேப்புக்கு நகர்த்தும், மறுபடி டேப் விசை உள்ளடக்கத்துக்கு இறக்கும். (அந்த விசையின் பெயர் தட்டச்சுப்பொறியின் ‘டேபுலேட்ட’ரிலிருந்து வந்தது. நம் அட்டை நாக்குக்குச் சொந்தமில்லை.) ஆனால் இதை உலாவி தானாகச் செய்யாது. பெயர்களை மட்டும் ஒட்டிவிட்டு அம்பு விசையை எழுதாமல் விட்டால், கேட்பவருக்கு அது இன்னும் மோசமான ஏமாற்றம்.

தமிழில் டேப்புக்கு ஒரு பெயர் ‘தாவல்’. ஒலியை ஒட்டிய வேடிக்கை என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது அது ஆங்கிலத்தைவிடப் பொருத்தமாகப் படுகிறது. ஆங்கிலச் சொல் துருத்திக்கொண்டிருக்கும் உருவத்தைச் சொல்கிறது, தமிழ்ச் சொல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் செயலைச் சொல்கிறது. நம் துறை பல ஆண்டுகள் முதலாவதை வரைந்துகொண்டிருந்தது. அந்தச் சோதனையாளர் கேட்டது இரண்டாவதை. இப்போதெல்லாம் புதிதாகச் சேர்பவர்கள் டேப் ஒன்றைச் செய்துகொண்டுவந்தால், சுட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு விசைகளால் மட்டும் அதில் தாவிப் பார்க்கச் சொல்கிறேன்.