கலந்தாய்வுக்கு முன் கையெழுத்திடாதீர்கள்: கள்ளக்குறிச்சியில் கணினி அறிவியல் பட்டமும் சட்டமும்

கணினி அறிவியல் படிக்கச் செல்லும் பட்டியலின, பழங்குடி மாணவர் பட்டத்தை முடிப்பாரா, இடையில் நிற்பாரா என்பது பல நேரங்களில் முதல் பருவத் தேர்வுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எந்த வழியாகக் கல்லூரிக்குள் நுழைந்தார் என்பதே கேள்வி. பிளஸ் டூ முடிவுகள் வரும் மே மாதத்தில் தரகர்கள் ஊர்களுக்கு வருகிறார்கள். "கணினிப் பிரிவில் இடம் இருக்கிறது, உதவித்தொகையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த இடம் நிர்வாக ஒதுக்கீட்டைச் சேர்ந்தது என்பது பெற்றோருக்குப் பின்னரே தெரியவருகிறது.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கிடையாது. ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பர் 11 நாளிட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் பட்டியலின, பழங்குடி மாணவர்களின் கட்டணச் சுமையை அரசு ஏற்க வழிசெய்தது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களையும் அது உள்ளடக்கியது. (இடஒதுக்கீட்டில் இவர்களைப் பிற்படுத்தப்பட்டோராகவே கணக்கிடுவார்கள்; கட்டணச் சலுகைக்கு அது தடையன்று.) அந்த ஆணையின் பயனும் இன்று அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்பவருக்கே. சிறுபான்மையினர் அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. எஞ்சியவை நிர்வாகத்தின் கையில். ஒரே வகுப்பறையில், ஒரே சாதிச் சான்றிதழுடன் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு அரசு கட்டணம் செலுத்துகிறது. மற்றவரின் தந்தை வட்டிக்கு வாங்குகிறார். கணினிப் பிரிவுக்குத் தேவை மிகுதி என்பதால் இந்த வணிகம் அங்கேதான் சூடாக நடக்கிறது.

கலந்தாய்வு வழியே செல்பவருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கல்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இச்சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளே. இவ்வழியில் இடம் பெறுபவரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே செலுத்துகிறது. கவனிக்க வேண்டியது, பி.இ. கணினி அறிவியலுக்கு உள்ள இந்த முன்னுரிமை பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கு இல்லை. "கலைக் கல்லூரிதான் நமக்குக் கட்டுப்படியாகும்" என்று முன்கூட்டியே முடிவுசெய்யும் குடும்பங்கள், இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய பொறியியல் இடத்துக்கு விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகின்றன. இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், சட்டத்தில் தடை ஏதுமில்லை.

மலை மாணவர்களுக்கு இதற்கும் முந்தைய தடை சாதிச் சான்றிதழ். பட்டியலினச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவார்; பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டும். வெள்ளிமலையில் வட்டாட்சியர் அலுவலகம் இருந்தும், கோட்டாட்சியரைத் தேடிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில், கட்டாய உழைப்பின் கீழ் கிடந்த பகுதி. அங்கே பாட்டன் காலத்து ஆவணம் கேட்பது, இல்லாததைக் கேட்பதாகும். ஆவணம் இல்லையென்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடாமல், நேரடிக் கள விசாரணை நடத்தி முடிவெடுக்குமாறு எழுத்து வடிவில் கோருங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். காரணம் இல்லாத வாய்மொழி மறுப்பை எதிர்த்து எந்த மேல்முறையீடும் செய்ய முடியாது. அலுவலகங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

'மலையாளி' என்ற பெயரும் சிக்கலைத் தருகிறது. கேரளத்தவரைக் குறிக்காத இப்பெயர், பழங்குடிகள் பட்டியலில் சில பழைய மாவட்டங்களுக்கு மட்டும் என்ற வரையறையோடு இடம்பெற்றுள்ளது. ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையாளிகள் அந்த வரையறையால் நெடுங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த புதிய மாவட்டம். பட்டியலில் அதன் பெயர் இராது. ஆனால் அது பழைய தென்னார்க்காட்டின் பகுதி, தென்னார்க்காடு பட்டியலில் உள்ளது. வெளியூர்க் கல்லூரி அலுவலகம் ஐயம் எழுப்பினால் இதுவே விடை.

பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 1 விழுக்காடு. 60 பேர் அமரும் வகுப்பில் அது கணக்கின்படி ஒரு முழு இடம்கூட ஆகாது. மதிப்பெண் இருந்தால் 31 விழுக்காடு பொதுப்பிரிவு இடங்களும் பழங்குடி, பட்டியலின மாணவருக்கு உரியவையே.

சேர்ந்த பிறகு வருவது பணம் வந்து சேரும் நாள் பற்றிய சண்டை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவருக்கு உதவித்தொகை உண்டு. பட்டியலின மாணவருக்கான ஒன்றிய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. வந்த ஏழு நாளுக்குள் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும். வராத தொகைக்காகத் தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்துவது அந்தத் திட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. முன்பணம் இன்றிச் சேர 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற அட்டையை நெறிமுறைகளே வகுத்துள்ளன. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை தடுக்கிறது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அன்று, கட்டணப் பாக்கிக்காக அதன்மீது பிடியுரிமை கொள்ள முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கோரிக்கை மனுவில் இவ்விரண்டையும் குறிப்பிடுங்கள்.

2024இல் உத்தரப்பிரதேசத்துத் தலித் மாணவர் ஒருவர் 17,500 ரூபாயை உரிய நேரத்துக்குள் செலுத்த இயலாமல் தன்பாத் ஐஐடி இடத்தை இழந்தார். தந்தை தினக்கூலி. அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, அவரைச் சேர்க்குமாறு 2024 செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் 142 உச்சநீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய அசாதாரண அதிகாரம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைக் காட்டிப் பயனில்லை. தாமதம் ஏற்பட்ட அன்றே மின்னஞ்சலில் ஒரு முறையீட்டை அனுப்பிவைத்தால், நீதிமன்றத்தில் அதுவே சான்றாகும்.

2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்வி, விடுதிக் கட்டணத்தைப் பட்டப்படிப்பு வரை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இருவரையும் இழந்தவருக்கு மாதம் 5,000 ரூபாயும் உண்டு. ஆனால் அது 18 வயது நிறைவடையும் வரைதான். கல்லூரிச் செலவு தொடங்கும் வயதில் அது நின்றுவிடுகிறது. கருணாபுரம் குடும்பங்களோடு பணியாற்றுவோர் அந்தப் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயைக் கேட்டுப் பெற வேண்டும். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அது உரிமை.

இன்னொன்றைச் சேரும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. இப்போது பணிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழியைத் தொடங்கியது கட்டடவியலிலும் இயந்திரவியலிலும்தான். கணினி அறிவியல் பெரும்பாலும் ஆங்கிலவழி. ஆகவே மலைப்பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்தவர், ஆங்கிலவழிக் கணினிப் பட்டத்தோடு பட்டதாரிப் பணிக்குப் போட்டியிடும்போது அம்முன்னுரிமையைக் கோர முடியாது. பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான குரூப் 4 போன்ற பணிகளுக்கு மட்டும் கோரலாம். அதற்கான பள்ளிச் சான்றைத் தலைமையாசிரியரிடம் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.