பகடிவதைச் சட்டமும் பள்ளிப் பிள்ளைகளும்

தமிழ்நாடு பகடிவதைத் (ராகிங்) தடைச் சட்டம், 1997 கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு கொலையை அடுத்துப் பிறந்தது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு பகடிவதைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தேறி வரும் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளை இச்சட்டம் காக்கிறதா? ஏட்டளவில் மட்டுமே காக்கிறது என்பது என் வாதம்.

வரையறை விரிவானதுதான். உடற்காயத்தோடு அச்சம், வெட்கம், மனவேதனை தரும் செயல்களும் குற்றம். எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் அது பொருந்தும். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், நிறுவனத்திலிருந்து நீக்கம். ஆனால் எட்டாம் வகுப்பில் படிக்கும் 13 வயதுப் பையன், தன்னிலும் சிறியவனைப் பட்டப்பெயர் சொல்லி அழவைத்து அன்றாடம் அவன் சோற்றைப் பிடுங்குகிறான் என்று கொள்வோம். அவனைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 16ஆம் பிரிவு தடுக்கிறது. சிறைக்கும் அனுப்ப முடியாது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி 3 ஆண்டு வரை தண்டனையுள்ளவை சிறு குற்றங்கள். அவற்றுக்கு முதல் தகவல் அறிக்கைகூடப் பதிவதில்லை, காவல் நிலைய நாட்குறிப்பில் எழுதுவதோடு சரி. இந்த இரு காப்புகளும் நியாயமானவை. துன்புறுத்துபவனும் பிள்ளைதானே.

ஆகவே பள்ளியைப் பொறுத்தவரை பகடிவதைச் சட்டத்தில் உயிருள்ள பகுதி ஒன்றே: புகார் வந்தும் தலைமையாசிரியர் நடவடிக்கை எடுக்காவிட்டால் அவரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார். பொறுப்பைப் பெரியவர்மேல் வைப்பது சரி. ஆனால் புகார் வந்தால்தான் அந்தப் பொறுப்பே தொடங்குகிறது. மாலையில் அதே பேருந்தில் அதே பையனோடு ஊர் திரும்ப வேண்டிய பிள்ளை எப்படிப் புகார் எழுதும்?

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்தது இதற்குக் கொடிய சான்று. சக மாணவர்களின் சாதித் தொல்லையால் பள்ளிக்குப் போகாமலிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், காரணத்தைப் பள்ளியில் சொன்னார். பின்னர் அவரும் தடுக்க வந்த தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். சொன்ன பிள்ளைக்கு அரண் இல்லையென்றால் புகாரே ஆபத்தாகிவிடும். இதையடுத்து அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதி வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை, பள்ளி நல அலுவலர், தனிச் சட்டம் எனப் பரிந்துரைத்தது. தண்டனை வருமுன் அன்றாட ஏற்பாட்டை மாற்றச் சொன்னதே அதன் வலிமை.

கடுந்தண்டனை அச்சம் தரும் என்பார் உண்டு. எட்டாத தண்டனைக்கு யாரும் அஞ்சுவதில்லை. குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்விக்கான 14417 ஆகிய உதவி எண்களைச் சுவரில் எழுதுவதும் போதாது. புகாருக்குக் காத்திராமல் கவனிப்பது, கண்டதை எழுத்தில் பதிவது, சொன்ன பிள்ளையை வீடுவரை காப்பது ஆகிய கடமைகளைப் பள்ளிகளுக்கான தனிச் சட்டத்தில் அரசு எழுத வேண்டும். விருத்தாசலம் போன்ற ஊர்களின் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அதற்கு முன்பே இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றிச் செயல்படுத்தத் தொடங்கட்டும்.