பாம்பன் பாலம்: 46 நாளில் சரி செய்தவர்கள், இந்த முறை ஏன் புதுசா கட்டினார்கள்?

புதுக்கோட்டையில் ராத்திரி சேது எக்ஸ்பிரஸ் ஏறினால், விடிவதற்குள் ராமேஸ்வரம். ஆனால் 2022 டிசம்பர் 23 முதல் இரண்டு வருஷத்துக்கும் மேல் அது முடியவில்லை. ரயில்கள் ராமநாதபுரம், மண்டபத்தோடு நின்றுவிட, மூட்டை முடிச்சோடு பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. காரணம், பாம்பன் பாலம்.

பழைய பாலம் எப்போது வந்தது?

1911-ல் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல். கப்பல் வந்தால் நடுவில் உள்ள 'ஷெர்சர்' தூக்குப் பகுதி, கதவு திறப்பது போல இரண்டாகப் பிரிந்து மேலே எழும். ஊழியர்கள் கையால்தான் இயக்கினார்கள். அந்தக் காலத்தில் 'போட் மெயில்' ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னாருக்குப் போகலாம்.

1964-ல் என்ன நடந்தது?

டிசம்பர் 22 நள்ளிரவு வீசிய புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலை அலை அடித்துச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. ஆனால் தூக்குப் பகுதி அசையவில்லை.

சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம். பொறியாளர் ஸ்ரீதரன் (ஆமா, பின்னாளில் 'மெட்ரோ மேன்' ஆனவரேதான்) கடலில் கிடந்த கர்டர்களை மீட்டு, 46 நாளில் வேலையை முடித்தார்.

அப்படின்னா இப்போ ஏன் சரி செய்யவில்லை?

1964-ல் அடித்தது புயல். விழுந்ததை எடுத்துத் திரும்ப மாட்ட முடிந்தது. இந்த முறை எதிரி, உப்புக்காற்று. நூறு வருஷத்துக்கும் மேலாக இரும்பை அரித்த துருவை எடுத்து மாட்ட முடியாதே! 2007-ல் அகலப்பாதையாக மாற்றியதோடு, எடை கூடிய ரயில்களையும் அதே தூண்கள்தான் தாங்கின.

புதிய பாலத்தில் என்ன வித்தியாசம்?

* 2019 மார்ச்சில் அடிக்கல். 2025 ஏப்ரல் 6-ல் பிரதமர் மோடி திறந்து வைத்தார். செலவு சுமார் 550 கோடி ரூபாய்.
* 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி பிரியாமல், லிஃப்ட் போல அப்படியே 17 மீட்டர் மேலே போகும். மின்மோட்டார்தான் தூக்குகிறது.
* பழைய பாலத்தைவிட 3 மீட்டர் உயரம். துருவைத் தடுக்க துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும்.

திறப்புக்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சில குறைகளைச் சுட்டிக்காட்டினார். பாலத்தில் 75 கி.மீ., தூக்குப் பகுதியில் 50 கி.மீ. என வேகமும் கட்டுப்படுத்தப்பட்டது.

நமக்கு என்ன லாபம்?

புதுக்கோட்டை வழி ரயில்கள் மறுபடி ராமேஸ்வரம் வரை போகின்றன. திறப்பு நாளில் தொடங்கிய தாம்பரம் - ராமேஸ்வரம் ரயில் நம்ம மாவட்டத்து அறந்தாங்கி வழியாகவே போகிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பாலம்தான் புதுசு, கடல் பழசுதான். காற்று பலமாக வீசினால் ரயிலை நிறுத்தி வைப்பார்கள். புயல் எச்சரிக்கை நாட்களில் கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.