கூடாரம்: தொப்பூர்க் கணவாயை ஒட்டிய வரலாறு

நிலையான வீடில்லாத இடத்தில் தங்க நேரும் பிரயாணிகளும், படையினரும், மேய்ச்சற்காரரும், நிலம் அளப்போரும், காற்று மழை வெயில் பனி ஆகியவற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் துணியையோ, பாயையோ, தழையையோ கோல்களின்மேல் விரித்து, கயிற்றாலும் முளையாலும் நிலத்தோடு பிணைத்து அமைத்துக்கொள்ளும் தற்காலிக வாசஸ்தலம் கூடாரம் எனப்படும். பாடி, பாடிவீடு, பாசறை என்பன பண்டை வழக்குகள். டேரா, கனாத்து, முகாம் என்பன முகமதிய அரசுகளின் காலத்தில் வந்து தமிழோடு கலந்தவை. கூடாரத் துணிக்குப் படங்கு என்னும் பெயரும் உண்டு. தமிழகத்தில் தார்ப்பாய் என்று சொல்லப்படும் பொருளை இலங்கைத் தமிழர் இன்றும் படங்கு என்றே அழைக்கின்றனர்.

இடத்தின் இயல்பு

தருமபுரி மாவட்டத்தின் தென் எல்லையில், சேலம் செல்லும் பாதையில் அமைந்த தொப்பூர், கூடாரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு ஏற்றதொரு பிரதேசமாகும். வடக்கே பாரமகால் என்று முன்னாளில் வழங்கிய மேட்டு நிலம். தெற்கே சேலத்துத் தாழ்நிலம். இவ்விரண்டையும் இணைக்கும் இயற்கை வாயில் இக்கணவாய். சேர்வராயன் மலையில் தோன்றும் தொப்பையாறு இவ்வழியே மேற்கு நோக்கிப் பாய்ந்து காவிரியோடு சேருகிறது. பெங்களூரிலிருந்து சேலம் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையும் இக்கணவாயில்தான் இறங்குகிறது. மலைகளுக்கிடையே நீர் தனக்கொரு வழியைக் கண்ட இடத்தில் மனிதனும் வழி கண்டான். அதே இடைவெளியில் காற்றும் நெருக்குண்டு, கணவாயின் போக்கை ஒட்டித் திரும்பி, சமவெளியில் இருந்ததைவிட வேகங்கொண்டு வீசும். ஆகவே மனிதன் நடப்பதற்கு எந்த இடம் சௌகரியமோ, அந்த இடமே அவன் இரவு தங்குவதற்கு மிகுந்த அபாயமுடையதாக அமைந்துவிடுகிறது. கூடாரம் பற்றிய சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு முரணை வெல்வதற்குப் பிறந்ததே.

சங்க காலம்

கார்காலப் பாசறை ஒன்றின் விரிவான சித்திரம் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய, நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டில் கிடைக்கிறது. காட்டாற்றின் அருகே புதரை வெட்டி நிலந்திருத்தி, வேடரின் அரண்களை அழித்து, வெட்டிய முள்ளையே மதிலாக வளைத்து, இடையில் தழைக்கூரைகள் வரிசையாக நின்ற தெருக்களை அமைத்த முறையை அப்பாட்டு சொல்லுகிறது. குத்தி நிறுத்திய வேல்களும் நிரைத்து வைத்த கேடயங்களுமே வீரர்க்குச் சுவராயின. அரசனுக்கோ நெடிய கோல்களை நட்டுத் திரைச்சீலையால் வளைத்த தனிமனை. அதனுள்ளும் வலிய கயிற்றில் திரை கட்டி இரண்டு அறைகளாகப் பகுத்த பள்ளியறை. கோல், கயிறு, திரை என்னும் மூன்று உறுப்புகளும் உள்ளறை புறவறை என்னும் பகுப்பும் அக்காலத்திலேயே நம்மவர் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இடந்தேரும் அறிவை நக்கீரரின் நெடுநல்வாடை உணர்த்துகிறது. பெருமழையால் வெள்ளம் பரந்தபோது, தாம் பழகிய தாழ்நிலத்தைப் பிரிய மனமில்லாத கோவலர், ஆனிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று தீக்காய்ந்து நடுங்கி நிற்கும் காட்சியோடு அப்பாட்டு தொடங்குகிறது. மழைக்காலத்தில் மேடே உயிர் என்பதை அரண்மனைக் கணியர் சொல்லித்தரவில்லை. மாடு மேய்த்தவர்கள் தம் அனுபவத்தால் கண்டனர்.

படையெடுப்புகளின் காலம்

இவ்வறிவை மறந்த பேரரசர்களும் உண்டு. 1700ஆம் ஆண்டு அக்டோபரில் ஔரங்கசீபின் மாபெரும் முகாம் மகாராஷ்டிரத்து மாண் நதியருகே காவஸ்பூரில் தங்கியிருந்தபோது, எதிர்பாராத வெள்ளம் இரவில் புகுந்து கூடாரங்களையும் மக்களையும் கால்நடைகளையும் அடித்துச் சென்றது. அந்தக் குழப்பத்தில் சக்கரவர்த்தியே கீழே விழுந்து முழங்கால் பிசகி, பின் வாழ்நாள் முழுவதும் தாங்கி நடக்கலானார்.

தொப்பூர் கண்ட படைகளுள் முக்கியமானவை மூன்றாம் மைசூர்ப் போரின்போது வந்தவை. 1790 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மெடோஸ் தெற்கேயிருந்து இக்கணவாயில் ஏறிச் சென்று, பாரமகாலில் இருந்த மற்றோர் ஆங்கிலேயத் தளபதி மாக்ஸ்வெல்லின் படையோடு சேர்ந்தார். சில தினங்களுக்குள் திப்பு சுல்தானின் சைன்யம் இதே கணவாய் வழியாகத் தெற்கே திரும்பியது. அது வடகிழக்குப் பருவமழை பொழியும் கார்த்திகைக் காலம். நனைந்த கூடாரம் உலர்ந்ததைவிட மிகவும் கனக்கும். அந்தக் கனம் முழுவதும் பொதிமாடுகளின் முதுகில்தான் ஏறும். மாடு சேற்றில் சாய்ந்தால் படை நின்றுவிடும். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஆங்கிலேயப் படைத்தலைவர் காரன்வாலிஸ் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் எதிரே வரை சென்றும், மழையாலும் பட்டினியாலும் மாடுகள் மாண்டு போகவே, தம் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது.

அப்படைகளுக்குத் தானியம் கொணர்ந்த லம்பாடி வணிகரோ, பொதிகளை இறக்கி மதில்போல் அடுக்கி, அதன் மறைவில் துணி விரித்துத் தங்கினர். சுமந்து வந்த பண்டமே காற்றுக்குத் தடுப்பாவது கண்ட இவர்கள் உபாயம் எளியதாயினும் உயர்ந்தது.

முகாம் ஆட்சி

1792 மார்ச்சில் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமானபின், கர்னல் ரீடும் அவருடைய உதவியாளராக ஏழாண்டு தருமபுரிப் பகுதியில் பணிபுரிந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். அதுமுதல் முகாம் என்னும் சொல் வருவாய்த் துறையின் அன்றாட வழக்காயிற்று. ஜமாபந்திக்கு வரும் துரையின் டேரா ஊர்ப்புறத்துத் தோப்பில் அடிக்கப்படுவது கிராம மக்கள் கண்டு பழகிய காட்சியாயிற்று. இரண்டு கூரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் காற்று உலவ இடம் விட்டு அமைப்பது அக்கூடாரங்களின் விசேஷம். மேற்கூரை வெயிலையும் மழையின் அடியையும் ஏற்க, உட்கூரை குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் நின்றது. ஆயினும் முகாமின் அபாயம் காற்றும் மழையும் மட்டுமன்று. சென்னை கவர்னராக உயர்ந்த அதே மன்றோ 1827 ஜூலை 6ஆம் நாள், சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவுக்கு இரையானார். குடிநீரின் தூய்மையும் இடந்தேர்தலின் ஓர் அங்கம் என்பதை அந்த மரணம் நினைவூட்டுகிறது.

இதே காலமெல்லாம் டேராவும் பரிவாரமும் இல்லாத ஆட்டிடையர், ஒரு கம்பளியை மடித்துத் தலையிலிருந்து முதுகு வரை தொங்கும் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, பட்டியின் ஓரத்தில் மழைக்கு முதுகைக் காட்டி நின்றபடியே இரவைக் கழித்தனர். ஆட்டு மயிர்க் கம்பளி நனைந்தாலும் உடற்சூட்டை முற்றும் இழப்பதில்லை. கொங்காணியே நம் நாட்டு ஏழையின் கூடாரம்.

காப்பு முறைகள்

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும். ஆதலால் அகன்ற பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாமல், தாழ்ந்து ஒடுங்கிய பக்கத்தையே காட்டிக் கூடாரம் அடிக்கவேண்டும். வாயில் காற்று வரும் திசைக்கு மறுபுறம் இருத்தல் நலம். முளையைக் கூடாரத்துக்கு எதிர்த்திசையில் தலைசாயுமாறு அறைந்தால்தான் கயிற்றின் இழுப்பை அது தாங்கும். மழையில் ஊறிய மண் முளையை நெகிழவிடுமாதலால், முளையின்மேல் பாறாங்கல்லை ஏற்றி வைப்பதும், கல் நிறைத்த சாக்கைப் புதைத்து அதில் கயிற்றைப் பிணைப்பதும் வழக்கம்.

கயிற்றின் குணமும் அறியத்தக்கது. பருத்திக் கயிறும் சணற்கயிறும் நனைந்தால் சுருங்கி இறுகும். மாலையில் மேகம் கறுத்ததுமே அவற்றைச் சற்றுத் தளர்த்திவிடாதவன், நள்ளிரவில் முளை பிடுங்குண்டு கூரை தன்மேல் விழக் காண்பான். நைலான் கயிறோ நனைந்தால் நீளும். அதைத் தளர்த்தாமல் இறுக்கவேண்டும். பருத்திக் கித்தானில் நூல் நனைந்து பருத்து, இழைகளுக்கிடையே உள்ள துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் மழை பெய்யும்போது உள்ளிருந்து விரலால் தொட்டால், தொட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கும். 1935இல் கண்டுபிடிக்கப்பட்ட நைலானும் பின்வந்த செயற்கை இழைகளும் மேற்பூச்சினால் நீரைத் தடுப்பவை. அவற்றுள் காற்றோட்டமில்லையேல், உறங்குவோரின் மூச்சே நீர்த்துளியாகிக் கூரையிலிருந்து சொட்டும். தரையில் விரிக்கும் பாய் கூடாரத்தின் ஓரத்துக்கு வெளியே நீண்டிருந்தால், வழிந்த மழைநீரை அதுவே ஏந்தி உள்ளே கொண்டுவரும்.

இன்று தொப்பூர் இறக்கத்துக்கு முன் லாரியை ஓரங்கட்டும் ஓட்டுநர்கள் இந்தச் சாஸ்திரத்தின் வாரிசுகள். முன் தார்ப்பாயின் விளிம்பு பின் தார்ப்பாயின்மேல் படியுமாறு விரித்து, எதிர்க்காற்று இடுக்கில் நுழையாதபடி கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, ஒவ்வொரு முடிச்சையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்த பிறகே அவர்கள் வண்டியை எடுக்கின்றனர்.

இடந்தேர்தல்

துணி எவ்வளவு உயர்ந்ததாயினும் தவறான இடத்தில் அது பயன்படாது. வறண்டு கிடக்கும் ஓடை தங்குவதற்கு இதமான மணல்மெத்தையாகத் தோன்றும். மலையில் பெய்யும் மழை, தங்கியவன் தலையின்மேல் ஒரு துளியும் விழாத இரவிலேயே அவ்வழி இறங்கும். கோடைமழையோடு வரும் சூறைக்காற்றில் உலர்ந்த கிளைகள் முறியும். தனிமரத்தில் இடி விழும். மலைமுகடு காற்றுக்கு நேர். பள்ளத்தின் அடி குளிருக்கும் வெள்ளத்துக்கும் நேர். எனவே பள்ளத்துக்கு மேலாகவும் முகட்டுக்குக் கீழாகவும், கணவாயின் நேர்வழியிலிருந்து விலகி, பாறையோ புதரோ காற்றை மறைக்கும் சரிவில், நீர் வடிந்துபோகும் மேட்டுத் திண்டே உத்தமம். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது பழைய வழக்கம். அது மண்ணரிப்புக்குக் காரணமாவதால் இக்காலத்தில் விலக்கப்படுகிறது. நல்ல இடத்தைத் தேர்ந்தவனுக்கு வாய்க்காலும் தேவைப்படாது. தொப்பூரைச் சூழ்ந்த காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றித் தங்கலாகாது என்பதையும் பிரயாணிகள் நினைவில் வைத்தல் வேண்டும்.

முள்வேலி வளைத்த பாசறை முதல் நைலான் கூடாரம் வரை கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. நீரும் காற்றும் செல்லும் வழி மாறவில்லை. ஆகையால் மூட்டையை அவிழ்க்குமுன், வெளிச்சம் இருக்கும்போதே, தங்க எண்ணிய நிலத்தை ஒருமுறை சுற்றி நடந்து, வெள்ளம் விட்டுச்சென்ற சருகு எந்த உயரத்தில் ஒதுங்கியிருக்கிறது, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டே முதல் முளையை அறைய வேண்டும்.