தூவிப் போர்வையின் வரலாறு: கதகதப்புக்குப் பறவை கொடுக்கும் விலை

குளிர் நாடுகளில் குடியேறிய நம் குடும்பங்கள் முதல் குளிர்காலத்திலேயே வாங்க வேண்டிய பொருள்களுள் ஒன்று தடித்த போர்வை. கடைக்குச் சென்றால் டூவே, கம்ஃபர்ட்டர் என்னும் பெயர்களில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். விலையோ ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பத்து மடங்கு வேறுபடும். உறையின் மேல் எழுதப்பட்ட எண்களும் சொற்களும் பெரும்பாலோருக்கு விளங்குவதில்லை. அந்தப் போர்வை கடந்து வந்த வரலாற்றை அறிந்தவருக்கு அவை தாமே விளங்கிவிடும். எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாகாது என்பதும் தெளிவாகும்.

முதலில் பொருளை அறிவோம். பறவையின் உடலில் நாம் வெளியே காண்பது இறகு. அதற்கு நடுவே தண்டு உண்டு. இறகுகளுக்கு அடியில், தோலை ஒட்டி, தண்டில்லாமல் பஞ்சுப் பிசிர்போல் நாற்புறமும் விரிந்து கிடப்பதே தூவி. டூவே என்ற பிரெஞ்சுச் சொல்லின் பொருளும் இதுதான். தூவி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. தன் நுண்ணிய இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைக்கிறது. அசையாத அந்தக் காற்றே நம் உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. எடை குறைந்த தூவிப் போர்வை, கனத்த கம்பளியைவிட அதிகக் கதகதப்பைத் தருவது இதனால்தான்.

இந்த உண்மையை மனிதர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டனர். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, வாடைக் காற்றும் மழையும் சூழ்ந்த இரவில், போர்ப்பாசறைக்குச் சென்ற அரசனை எண்ணி வருந்தும் அரசியின் கட்டிலை விரிவாகப் பாடுகிறது. அந்தப் படுக்கையில் அன்னத்தின் வெண்தூவி இடப்பட்டிருந்ததாக நக்கீரர் கூறுகிறார். ஸ்வீடனின் உப்சாலா நகருக்கு அருகிலுள்ள வால்ஸ்யார்டே என்னும் இடத்தில், 7ஆம் நூற்றாண்டில் படகுகளோடு புதைக்கப்பட்ட போர்வீரர்களின் கல்லறைகளில் தூவியும் இறகும் அடைத்த படுக்கைகள் கிடைத்துள்ளன.

கி.பி. 79இல் இறந்த உரோமானிய அறிஞர் பிளினி, தமது இயற்கை வரலாற்று நூலில் தூவி வணிகத்தைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். ஜெர்மானிய நாட்டின் வெள்ளை வாத்துகளின் தூவி ஒரு ராத்தல் ஐந்து தெனாரியஸ் விலை போயிற்றாம். அக்காலத்து உரோமானியப் போர்வீரன் ஒருவனின் ஆண்டு ஊதியமே 225 தெனாரியஸ்தான். அப்படியானால் ஒரு ராத்தல் தூவி என்பது அவனுடைய எட்டு நாள் சம்பளம். இந்த ஆசையால் படைத்தலைவர்கள் சிலர் எல்லைக் காவலில் நின்ற வீரர்களைக் கூட்டம் கூட்டமாக வாத்துப் பிடிக்க அனுப்பிவிட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளாயினர். சில இடங்களில் வாத்துகளின் இறகை ஆண்டுக்கு இருமுறை பறித்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். பறவையின் வலியைப் பொருட்படுத்தாத வணிகம் இன்று தோன்றியதன்று.

முஸ்லிம் உலகின் படுக்கை வரலாறு வேறு பாதையில் சென்றது. நபி (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்ச நார் அடைத்த தோல் விரிப்பாக இருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பாய் பதிந்த தழும்பை அண்ணலாரின் விலாவில் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் விட்ட நிகழ்ச்சியையும் நாம் அறிவோம். பின்னாளில் இஸ்லாமிய நாடுகளில் பருத்தி பெருகியபோது பஞ்சு அடைத்த மெத்தைகளும் போர்வைகளும் பரவின. அவற்றை அறிந்த ஐரோப்பியர் பொருளோடு சொல்லையும் எடுத்துக்கொண்டனர். கீழே போட்டு விரிக்கும் இடம் என்னும் பொருளுடைய ‘மத்ரஹ்’ என்ற அரபுச் சொல்லே ஆங்கிலத்தில் ‘மேட்ரஸ்’ ஆயிற்று. ‘குத்ன்’ என்பதே ‘காட்டன்’ ஆயிற்று.

வடக்கே, பருத்தி விளையாத பனிக்கடற்கரைகளில், ஈடர் என்னும் கடல்வாத்து மக்களுக்குப் போர்வை தந்தது. தூவிகளுள் தலைசிறந்தது ஈடரின் தூவியே. முட்டையிடும் காலத்தில் பெண் ஈடர் தன் மார்பிலுள்ள தூவியைத் தானே அலகால் எடுத்துக் கூட்டைச் சுற்றி மெத்தையாக இடுகிறது. எப்போதாவது கூட்டைவிட்டு விலகும்போது முட்டைகளை அந்தத் தூவியாலேயே மூடிச் செல்கிறது. குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போனபின் கூடு வெறுமையாகிறது, தூவி அங்கேயே எஞ்சுகிறது.

ஐஸ்லாந்து விவசாயிகள் அதைச் சேகரிக்கிறார்கள். பறவை அடைகாக்கும்போதே ஒரு பகுதியை எடுப்பவர்கள், அந்த இடத்தில் உலர்ந்த புல்லை வைத்துவிடுகிறார்கள். கைம்மாறாக நரி போன்ற எதிரிகளிடமிருந்து கூடுகளைக் காவல் காக்கிறார்கள். பாதுகாப்பை உணர்ந்த பறவைகள் ஆண்டுதோறும் அதே பண்ணைக்குத் திரும்பி வருகின்றன. 1847ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே ஈடரை வேட்டையாடுவதை முற்றிலும் தடை செய்தது.

நார்வேயின் வேகா தீவுகளில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. ஆண்கள் மீன்பிடிக்கக் கடலுக்குச் செல்ல, பெண்கள் ஈடர்களுக்குக் கல்லாலும் பலகையாலும் சிறு வீடுகள் கட்டி, உலர்ந்த கடற்பாசியை விரித்து, வசந்தத்தில் பறவைகளின் வருகைக்குக் காத்திருப்பார்கள். அவை வந்தபின் கூச்சலைத் தவிர்த்து, நாய்களைக் கட்டிவைத்து, விருந்தினரைப் போல் பேணுவார்கள். இந்தப் பண்பாட்டுக்காகவே வேகா தீவுகள் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

ஒரு கிலோ தூய்மையான ஈடர் தூவிக்கு ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும். அதிலுள்ள புல்லையும் தூசியையும் நீக்குவது பல நாள் வேலை. ஐஸ்லாந்தில் ஆண்டு முழுவதும் கிடைப்பதே சுமார் மூன்று டன்தான். ஈடர் போர்வையின் விலை ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்துக்குச் சமமாக இருப்பது இதனால்தான். நம்மில் பெரும்பாலோர் அதை வாங்கப்போவதில்லை, வாங்கவும் வேண்டியதில்லை. ஆனால் பறவையை வருத்தாமல் அதன் தூவியைப் பெற முடியும் என்பதற்கு அதுவே சான்று.

தூவி இருந்தால் மட்டும் போதாது, அதைத் தைக்கும் முறையும் வேண்டும் என்பதை 1690களில் ஒருவர் வலியுறுத்தினார். அவர் பால் ரைகாட். இஸ்மிர் நகரில் ஆங்கிலேயத் தூதரகப் பணியாற்றி, உஸ்மானியப் பேரரசைப் பற்றி நூல் எழுதியவர். பின்னர் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பணிபுரிந்தபோது ஈடர் தூவியின் அருமையை உணர்ந்து, இங்கிலாந்து நண்பர்களுக்கு ஆறு ராத்தல் பைகளில் அனுப்பினார். போர்வையை உயரமாகவும் பெரிய கட்டங்களாகவும் தைக்க வேண்டும், இல்லையேல் கதகதப்பு இராது என்று உடன் அறிவுறுத்தினார். தையல் நெருங்கி அழுத்தினால் தூவி விரிய இடமில்லை, காற்றும் தங்காது. 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஜார்ஜ் ஃபிஞ்ச், பலூன் துணிக்குள் ஈடர் தூவி அடைத்த மேலங்கியை அணிந்து 8,300 மீட்டருக்கும் மேலே சென்றார். முதலில் அந்த அங்கியைக் கேலி செய்த தோழர்கள், பனிக்காற்று வீசியபோது அதன் அருமையை உணர்ந்தார்கள்.

இங்கிலாந்தின் சாதாரண வீடுகளில் தூவிப் போர்வை பரவியது மிக அண்மையில்தான். 1964இல் இலண்டனில் ஹேபிட்டாட் கடையைத் திறந்த டெரன்ஸ் கான்ரன், சில நொடிகளில் விரித்துவிடக்கூடிய படுக்கை என்று இதைப் பிரபலமாக்கினார். தேவை பெருகியதும் தூவி, இறைச்சித் தொழிலின் துணைப்பொருளாயிற்று. இன்று உலகச் சந்தையின் பெரும்பகுதித் தூவி சீனாவின் வாத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறது. சில இடங்களில் உயிருள்ள வாத்துகளின் தூவியை வலுக்கட்டாயமாகப் பறிக்கும் கொடுமை வெளிவந்து உலகை அதிரச் செய்தது. அதன் விளைவாக 2014இல், உயிரோடு பறிப்பதையும் வலிந்து தீவனம் திணிப்பதையும் விலக்கும் ‘ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்டு’ என்ற தரச்சான்று நடைமுறைக்கு வந்தது.

இவ்விடத்தில் மார்க்கச் சட்டமும் குறுக்கிடுகிறது. கால்நடைகளின் கம்பளியும் ரோமமும் முடியும் மனிதருக்குப் பயன்பொருள்களாக அளிக்கப்பட்டதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் அருட்கொடையாக எண்ணிக் காட்டுகிறது. உண்ண அனுமதிக்கப்பட்ட பறவை உயிரோடிருக்கும்போது பிரிந்த தூவி தூய்மையானதே. முறைப்படி அறுக்கப்படாமல் செத்த பறவையின் தூவியிலோ நம்மவர் பின்பற்றும் இரு மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. ஹனஃபி மத்ஹபில் இறகிலும் முடியிலும் உயிரோட்டம் இல்லையாதலால் அது தூய்மையானது. ஷாஃபி மத்ஹபில் அது அசுத்தம். தொழும் ஆடையிலும் இடத்திலும் தூய்மை பேணும் ஷாஃபி குடும்பத்தார், தாம் வாங்க எண்ணும் போர்வையின் மூலத்தை விசாரித்துத் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது. தூய்மையான தூவியைப் பெறுவதற்காகப் பறவையை வதைப்பதும் ஆகாது. உயிர்களை வதைப்பதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். ஈடர் தானே எடுத்து விட்டுச்சென்ற தூவியில் இந்த இரு சிக்கல்களும் இல்லை என்பது எண்ணத்தக்கது.

இனிக் கடையில் பார்க்க வேண்டியவை. முதலாவது, உள்ளே இருப்பது தூவியா இறகா என்பது. தூவியின் சதவீதம் உறையில் குறிக்கப்பட்டிருக்கும். இறகு கூடினால் போர்வை கனக்கும், தண்டு குத்தும். இரண்டாவது, ‘ஃபில் பவர்’ என்னும் எண். ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதை அது காட்டும். 600 என்றால் அந்தச் சிறு அளவே சுமார் 10 லிட்டர் இடத்தை நிரப்பும். வீட்டுக்கு 600 முதல் 700 வரை போதுமானது. மூன்றாவது, தையல். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே சிறு சுவர்போல் துணி வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தது சிறந்தது. இரு துணிகளையும் ஒட்டித் தைத்தால் தையல் வழியே குளிர் புகும். நான்காவது, தூவி வெளியேறாதபடி நெருக்கமாக நெய்த பருத்தி உறை. கையால் அழுத்தி விட்டால் போர்வை விரைவில் எழும்ப வேண்டும். முகர்ந்தால் நாற்றம் கூடாது, நாற்றமிருந்தால் தூவியைச் சரியாகக் கழுவவில்லை என்று பொருள்.

பிரிட்டனில் வெப்பத்தை ‘டாக்’ என்னும் அலகால் குறிப்பர். கோடைக்கு 4.5, கடுங்குளிருக்கு 13.5 வழக்கம். வீட்டில் வெப்பமூட்டி நன்றாக இயங்கினால் அதைவிடக் குறைந்ததே போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தூவிப் போர்வை எதுவும் போர்த்தலாகாது. முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடும். தூவியை நனைத்தால் முழுவதும் உலர்த்த வேண்டும், இல்லையேல் கட்டிபட்டு நாறும். அடிக்கடி துவைக்க வேண்டிய வீடுகளுக்குச் செயற்கை இழை அடைத்த போர்வையே எளிது. அதில் பறவையின் வலியும் இல்லை, தூய்மை பற்றிய கேள்வியும் இல்லை. அதை வாங்குவதில் குறைவொன்றுமில்லை.

நல்ல தூவிப் போர்வை ஒன்றைப் பேணிக் காத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே விலை மலிவென்று நான்கு வாங்குவதைவிட, மூலம் தெரிந்த ஒன்றை வாங்குவது சிக்கனம். தேவைக்கு மிஞ்சிய படுக்கையை ஷைத்தானின் பங்கு என்று எச்சரித்த நபி (ஸல்) அவர்கள், விருந்தினருக்கென ஒரு படுக்கை வைத்திருப்பதை அனுமதித்தார்கள். உங்கள் வீட்டில் இரண்டாவதாக ஒரு நல்ல போர்வை இருக்குமானால், ஊரிலிருந்து முதன்முதலாகக் குளிர்நாட்டுக்கு வரும் விருந்தினருக்கு அது உதவட்டும்.